பகுதிநேர ஊதியமும் வருமான வரியும்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வணிகவியல்

முன்னுரை

வரி என்பது மாதச் சம்பளக்காரருக்கும் மில் முதலாளிக்கும் உரியது, மாலையில் நான்கு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவனுக்கும் வீட்டுத் திண்ணையில் தையல் இயந்திரம் போட்டிருப்பவளுக்கும் அதில் என்ன வேலை என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். ஆனால் எங்கள் வகுப்பறையை மட்டும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாலே நிலைமை விளங்கும். ஒருவர் கல்லூரி விட்டதும் டியூஷன் எடுக்கச் செல்கிறார். ஒருவர் முகூர்த்த நாட்களில் கல்யாண வீடுகளில் படம் பிடிக்கிறார். ஒரு தோழி சேலைகளின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி விற்கிறார். யான் அச்சகம் ஒன்றிற்கு வீட்டிலிருந்தே கணினியில் அச்சுக்கோத்துக் கொடுத்து என் பஸ் கட்டணத்தையும் புத்தகச் செலவையும் பார்த்துக்கொள்கிறேன். படிக்கும்போதே உழைக்கும் மாணவர் நிறைந்த கல்லூரி நம்முடையது.

இத்தகைய வருவாய் உடையோர் வரி பற்றி அறிய வேண்டுவன யாவை, ஆண்டு முழுவதும் அதை எவ்வாறு ஒழுங்காக நிர்வகிப்பது என்பவற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மற்றத் துறை மாணவருக்கும் புரிய வேண்டும் என்பதால் சட்டப் பிரிவுகளின் எண்களைக் கூடியவரை தவிர்த்துள்ளேன். வேறு ஆண்டு கூறப்படாத இடங்களில், வருமான வரி விகிதங்களும் வரம்புகளும் 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையிலான நிதியாண்டிற்கு உரியவை. விகிதங்கள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை ஆதலின், பின்வரும் ஆண்டுகளில் இதைப் படிப்போர் அவ்வாண்டின் விகிதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முறை மட்டும் பெரிதும் மாறாது.

சற்றே வரலாறு

வரியை நீக்கியதற்காகவே புகழ்பெற்ற மன்னன் நம் நாட்டில் உண்டு. முதலாம் குலோத்துங்கனைச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என வரலாறு போற்றுகிறது. ஆனால் தனி மனிதனின் ஆண்டு வருமானத்தைக் கணக்கிட்டு அதன்மேல் விதிக்கும் இன்றைய வரி, ஆங்கிலேயர் ஆட்சியில் வந்தது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியால் ஏற்பட்ட கடன் சுமையைச் சமாளிக்க, நிதி உறுப்பினராக வந்த ஜேம்ஸ் வில்சன் 1860இல் இவ்வரியைக் கொண்டு வந்தார். ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைந்த வருமானத்திற்கு அப்போது விலக்கு இருந்தது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த ஜூலை 24ஆம் நாளையே இன்றும் வருமான வரி நாளாகக் கொண்டாடுகின்றனர்.

இதில் நம் மாநிலத்துக்கும் ஒரு தொடர்புண்டு. அப்போது சென்னை ஆளுநராக இருந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் இப்புதிய வரிகளை வன்மையாக எதிர்த்தார். எதிர்ப்புக் குறிப்பை வெளிப்படையாகவும் வெளியிட்டார். அதன் விளைவாக அவர் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். அதே டிரெவெல்யன் பின்னர் நிதி உறுப்பினராகவே இந்தியா திரும்பினார் என்பதும், 1865இல் அவ்வரி கைவிடப்பட்டது என்பதும் சுவையான செய்திகள். கைவிடப்பட்ட வரி 1886ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது. விவசாய வருமானத்திற்கு விலக்களித்ததும் அச்சட்டமே. பின்னர் 1922ஆம் ஆண்டுச் சட்டமும் 1961ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்டதே 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். இது 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியது. ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்று மாணவரைக் குழப்பி வந்த இரு சொற்களை நீக்கி, ‘வரி ஆண்டு’ என்ற ஒரே சொல்லை இப்புதிய சட்டம் வைத்துள்ளது.

எது வருமானம்?

சட்டம் வருமானத்தை ஐந்து தலைப்புகளாகப் பிரிக்கிறது. அவை ஊதியம், வீட்டுச் சொத்து, வணிகம் அல்லது தொழில், மூலதன ஆதாயம், பிற வழிகள் என்பன. தொடர்ந்து டியூஷன் எடுப்பவர், தைத்துக் கொடுப்பவர், படம் பிடிப்பவர், மென்பொருள் எழுதுபவர் ஆகியோரின் வருவாய் மூன்றாம் தலைப்பில் அடங்கும். பகலில் ஒரு நிறுவனத்தில் ஊதியம் பெற்று மாலையில் தனித்தொழில் செய்பவருக்கு இரண்டு தலைப்புகளிலும் வருமானம் உண்டு. இரண்டையும் கூட்டிய தொகைக்கே வரி கணக்கிடப்படும். ‘சம்பளத்திற்குத்தான் கம்பெனியில் பிடித்துவிட்டார்களே, இது தனிக் காசு’ என்பது சட்டம் ஏற்காத வாதம். நம் பேராசிரியப் பெருமக்கள் பெறும் விடைத்தாள் திருத்தும் ஊதியமும் இவ்வாறு கூட்டிக் காட்ட வேண்டிய வருவாயே. அரசுப் பணியில் இருப்போர் தனித்தொழில் செய்வதற்கு நடத்தை விதிகளின் கட்டுப்பாடு உண்டு என்பதையும் இங்கு நினைவூட்டுவது தகும்.

பணமாக வாங்கினால் வருமானம் அன்று, வங்கியில் வந்தால்தான் வருமானம் என்றொரு தவறான கருத்தும் நிலவுகிறது. கையில் வாங்கினாலும் யு.பி.ஐ. வழி வந்தாலும் உழைப்பிற்குக் கிடைத்த ஊதியம் வருமானமே. மறுபுறம், ஊரிலிருந்து அப்பா அனுப்பும் விடுதிக் கட்டணமும், நண்பன் திருப்பித் தந்த கைமாற்றும் வருமானம் ஆகா. இரண்டும் ஒரே கணக்கில் கலந்து கிடந்தால், எது எதுவென்று ஆண்டு இறுதியில் பிரிப்பது அரிசியில் கல் பொறுக்குவது போலாகும். ஆகவே தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்வதே முதற்படி.

கணக்கு எழுதும் பழக்கம்

அடுத்த படி ஒரு நோட்டுப் புத்தகம். இதற்குப் பெரிய இயந்திரமோ மென்பொருளோ தேவையில்லை. நாற்பது பக்க நோட்டில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. நாள், யாரிடமிருந்து, எதற்காக, எவ்வளவு, ரொக்கமா வங்கி வழியா என்ற ஐந்து விவரங்கள் போதும். வாங்கும் ஒவ்வொரு தொகைக்கும் வரிசை எண்ணிட்ட ரசீது கொடுத்து அதன் அடிக்கட்டையை வைத்துக்கொள்ள வேண்டும். செலவுச் சீட்டுகளை மாதவாரியாக உறையில் இட்டு வைக்க வேண்டும். வெப்பத் தாளில் அச்சிட்ட கடைச் சீட்டுகளின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் ஆதலின் அவற்றை உடனே படம் எடுத்து வைப்பது நலம். கணக்குகளை ஏழெட்டு ஆண்டுகளாவது பாதுகாத்து வைத்தால் எந்தக் கேள்வி வந்தாலும் விடை சொல்லலாம்.

ரொக்கம் பற்றி இரண்டு விதிகளை மனத்தில் கொள்க. ஒரே நாளில் ஒரே நபருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகச் செலவழித்தால் பொதுவாக அச்செலவைக் கழிக்க இயலாது. ஒரே நாளில் ஒருவரிடமிருந்தோ, ஒரே வேலைக்காகவோ 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது.

கழிக்கத் தக்க செலவுகள்

வரி என்பது வரவின்மேல் அன்று, செலவு போக மிஞ்சும் இலாபத்தின்மேல்தான். தொழிலுக்காகவே செய்த செலவு எதுவும் கழிக்கத் தக்கது. நூல், ஊசி, காகிதம், மை, இணையக் கட்டணம், தொழிலிடத்தின் வாடகை, மின்கட்டணம், பயணச் செலவு ஆகியன எடுத்துக்காட்டுகள். வீட்டுச் செலவையும் சொந்தத் துணிமணியையும் இதில் சேர்த்தல் கூடாது. வீட்டுக்கும் தொழிலுக்கும் பொதுவாக உள்ள செலவில் தொழிலுக்குரிய பங்கை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கணினி, தையல் இயந்திரம் போன்ற பல்லாண்டுப் பொருள்களின் விலையை ஒரே ஆண்டில் கழிக்க முடியாது. வகுப்பில் நாம் படிக்கும் தேய்மானம் இங்கேதான் வாழ்க்கைக்கு வருகிறது. கணினிக்குக் குறைந்துசெல் மதிப்பு முறையில் ஆண்டுக்கு 40 சதவீதமும், பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவீதமும் தேய்மானம் உண்டு. வாங்கிய ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதி. தொழிலுக்கு மட்டுமே பயன்படும் 45,000 ரூபாய்க் கணினியை ஜூன் மாதம் வாங்கினால் முதலாண்டுத் தேய்மானம் 18,000 ரூபாய். அடுத்த ஆண்டில் எஞ்சிய 27,000 ரூபாயின்மேல் 10,800 ரூபாய்.

உத்தேச வருமான முறை

செலவுச் சீட்டு ஒவ்வொன்றையும் வைத்துக் கணக்கெழுத இயலாத சிறு தொழிலாளருக்காகச் சட்டம் ஓர் எளிய வழியும் வைத்துள்ளது. இதுவே உத்தேச வருமான முறை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 44ஏ.டி., 44ஏ.டி.ஏ. என்ற பிரிவுகளால் இது அறியப்பட்டது.

வணிகம் செய்வோர் ஆண்டு விற்றுமுதல் 2 கோடி ரூபாய் வரை இம்முறையைப் பின்பற்றலாம். வங்கி வழியாகவும் யு.பி.ஐ. வழியாகவும் வந்த தொகையில் 6 சதவீதமும், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதமும் குறைந்தபட்ச இலாபமாகக் கொள்ளப்படும். தரகு, கமிஷன் வருவாய்க்கு இது பொருந்தாது. மருத்துவம், சட்டம், பொறியியல், கட்டடக் கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம், தகவல் தொழில்நுட்பம் முதலிய குறிப்பிட்ட தொழில்களுக்கு வேறு விதி. அவர்கள் ஆண்டு வரவு 50 லட்சம் ரூபாய் வரை, வரவில் பாதியைக் குறைந்தபட்ச இலாபமாகக் காட்டலாம். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாதவருக்கு 2 கோடி என்பது 3 கோடியாகவும், 50 லட்சம் என்பது 75 லட்சமாகவும் உயரும்.

இங்கே ‘குறைந்தபட்சம்’ என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டுகிறேன். உண்மையில் அதிகம் மிஞ்சியிருந்தால் அதிகத்தையே காட்ட வேண்டும். மேலும் வணிகர் ஒருவர் இம்முறையில் சேர்ந்து ஐந்தாண்டுக்குள் விலகினால், அடுத்த ஐந்தாண்டுகளுக்கு மீண்டும் சேர முடியாது.

வரி விகிதமும் பன்னிரண்டு லட்ச எல்லையும்

2025–26ஆம் நிதியாண்டில், புதிய வரி முறையில் முதல் 4 லட்சம் ரூபாய்க்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, அதற்கு மேல் 30 சதவீதம். வரியின்மேல் 4 சதவீதம் மேல்வரி. மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாத, இந்நாட்டில் வசிக்கும் தனிநபருக்கு 60,000 ரூபாய் வரை வரித் தள்ளுபடி உண்டு. ஆகவே அவர் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. பழைய வரி முறையையும் விரும்பித் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குச் சென்றால், புதிய முறைக்கு ஒரே ஒரு முறைதான் திரும்பி வர முடியும். ஊதியம் மட்டும் உள்ளவருக்கு இக்கட்டுப்பாடு இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒருவர் தனியார் நிறுவனம் ஒன்றில் ஆண்டுக்கு 6,00,000 ரூபாய் ஊதியம் பெறுகிறார். நிலைக்கழிவு 75,000 போக 5,25,000. மாலை நேர டியூஷனில் வரவு 2,40,000. அறை வாடகை 36,000, அச்சுத்தாள் 8,000, மின்கட்டணம் 6,000 ஆகச் செலவு 50,000. இலாபம் 1,90,000. மொத்த வருமானம் 7,15,000. வரி 15,750 ரூபாய். தள்ளுபடியால் அது முழுவதும் நீங்கிவிடுகிறது.

‘வரிதான் இல்லையே, பிறகு எதற்குக் கணக்கு தாக்கல்?’ என்று அவர் கேட்கக் கூடும். வரி இல்லாமை வேறு, தாக்கல் செய்யும் கடமை இல்லாமை வேறு. வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே இந்த ஆண்டிற்குத் தாக்கல் கட்டாயம். தள்ளுபடி என்பதே தாக்கல் செய்து பெறும் சலுகைதான். தவறினால் அபராதக் கட்டணம் உண்டு. மேலும் ஊதியம் மட்டும் உள்ளவருக்கான ஒன்றாம் எண் படிவத்தை இவர் பயன்படுத்தக் கூடாது. உத்தேச முறையினருக்கு 4ஆம் எண் படிவமும், கணக்கெழுதி இலாபம் காட்டுவோருக்கு 3ஆம் எண் படிவமும் உரியவை.

12 லட்சத்து எல்லையில் நிற்பவர் இன்னும் கவனமாக இருத்தல் வேண்டும். ஒருவருடைய ஊதியம் நிலைக்கழிவு போகச் சரியாக 12,00,000 ரூபாய் என்க. வரி இல்லை. அவர் ஓய்வு நேரத்தில் உழைத்து 50,000 ரூபாய் இலாபம் ஈட்டுகிறார். மொத்தம் 12,50,000. தள்ளுபடி போய்விட்டது. விகிதப்படி வரி 67,500. ஆனால் 12 லட்சத்திற்கு மேற்பட்ட தொகையை விட வரி மிகக் கூடாது என்ற எல்லை நிவாரணத்தால் வரி 50,000 ஆகக் குறைகிறது. அதன்மேல் 4 சதவீத மேல்வரி 2,000. ஆக 50,000 ரூபாய் ஈட்டியதற்கு 52,000 ரூபாய் கட்ட வேண்டும்! வருமானம் ஏறத்தாழ 12,70,588 ரூபாயைக் கடக்கும் வரை இந்நிலைதான். 1,00,000 ரூபாய் ஈட்டினால் வரியும் மேல்வரியுமாக 78,000. இத்தகையவர் ஆண்டு முடிந்தபின் திகைப்பதை விட, ஆண்டின் தொடக்கத்திலேயே இரு வரி முறைகளிலும் கணக்கிட்டுப் பார்த்துக்கொள்வது நன்று.

மூலத்தில் பிடித்தம்

நிறுவனங்கள் நமக்குப் பணம் தரும்போதே வரியின் ஒரு பகுதியைப் பிடித்து அரசுக்குக் கட்டிவிடுகின்றன. இதனையே டி.டி.எஸ். என்கிறோம். 2025 ஏப்ரல் முதல், தொழில்முறைப் பணிக்கான கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்கப்படும். அதற்கு முன் இவ்வரம்பு 30,000 ரூபாயாக இருந்தது. ஒப்பந்த வேலைக்குத் தனிநபரிடம் 1 சதவீதம். பான் எண் தராதவரிடம் 20 சதவீதம்.

பிடித்த தொகை நம் பான் எண்ணில் வரவாகிறது. வருமான வரித் துறையின் இணையதளத்தில் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்தால் யார் எவ்வளவு பிடித்தார் என்பதைக் காணலாம். நாம் கட்ட வேண்டிய வரி அதைவிடக் குறைவானால் மீதியைத் திரும்பப் பெறலாம். ஆனால் கணக்கு தாக்கல் செய்தால்தான் பெற முடியும்.

நம் கல்லூரியில் கணினி அறிவியல் படித்து 2023இல் வெளியேறிய ஓர் அண்ணன், நிறுவனம் ஒன்றிற்கு இணையதளம் அமைத்துக் கொடுத்து 2024–25இல் 1,80,000 ரூபாய் பெற்றார். அதில் 18,000 ரூபாய் பிடித்தம் போயிற்று. வேறு வருமானம் அவருக்கு இல்லை. தாக்கல் செய்தால் துறையின் கண்ணில் பட்டுவிடுவோம் என்று அஞ்சி அவர் பேசாமல் இருந்தார். ‘அண்ணா, பிடித்த அன்றே உங்கள் பெயர் அங்கே பதிவாகிவிட்டது. இனி ஒளிவதற்கு எதுவுமில்லை, வாங்குவதற்குத்தான் இருக்கிறது’ என்று நானும் என் வகுப்புத் தோழியரும் எடுத்துச் சொன்னோம். அவ்வாண்டிற்குத் தாமதக் கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாள் 2025 டிசம்பர் 31. அம்மாதத்திலேயே தாக்கல் செய்தார். வருமானம் விலக்கு வரம்பிற்கு உட்பட்டதே ஆதலின் தாமதக் கட்டணமும் இல்லை. 18,000 ரூபாயும் அவர் வங்கிக் கணக்கிற்கு வந்தது. கெடு கடந்திருந்தால் மன்னிப்புக் கோரித் தனி விண்ணப்பம் போட்டு அலைந்திருக்க வேண்டும்.

முன்கூட்டிய வரி

பிடித்தம் போக, ஆண்டு வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரும் எனத் தெரிந்தால் அதை ஆண்டு முடியும் முன்பே தவணையாகக் கட்ட வேண்டும். ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும். உத்தேச முறையினர் மார்ச் 15க்குள் ஒரே தவணையாகக் கட்டினால் போதும். தவறினால் மாதத்திற்கு 1 சதவீதம் என்ற அளவில் வட்டி சேரும்.

மாதச் சம்பளக்காரருக்கு நிறுவனமே பிடித்துக் கட்டிவிடுகிறது. தனித்தொழில் செய்பவருக்கு அப்படி யாரும் இல்லை. மூன்று மாத உழைப்பிற்குரிய தொகை ஒரே நாளில் வரும்போது அது முழுவதும் நம்முடையது போலவே தோன்றும். வரி வரும் அளவிற்கு வருமானம் உள்ளவர், ஒவ்வொரு வரவிலும் ஒரு பங்கைத் தனிச் சேமிப்புக் கணக்கில் அன்றே ஒதுக்கி வைத்துவிட்டால் மார்ச் மாதத்தில் கடன் வாங்கி வரி கட்டும் நிலை நேராது.

ஜி.எஸ்.டி.யும் தொழில் வரியும்

2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள ஜி.எஸ்.டி. வேறு, வருமான வரி வேறு. தமிழ்நாட்டில் சேவை செய்வோருக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய், பொருள் மட்டும் விற்போருக்கு 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. ஆனால் வெளிமாநிலத்திற்குப் பொருள் அனுப்பி விற்போர், கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, இந்த வரம்பைக் காத்திராமல் பதிவு செய்ய வேண்டும். சேலை விற்கும் தோழியர் பெங்களூருக்கும் திருவனந்தபுரத்திற்கும் பார்சல் அனுப்பும் முன் இதை எண்ணிப் பார்க்கட்டும். பதிவு செய்யாதவர் தம் ரசீதில் ஜி.எஸ்.டி. என்று எழுதி வசூலிப்பது சட்டப்படி தவறு.

தொழில் வரி என்பது உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிப்பது. அரசியலமைப்பின் 276ஆம் பிரிவின்படி இது ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது. தொகை சிறிதே ஆயினும், அதன் ரசீது நாம் இவ்வூரில் இன்ன தொழில் செய்கிறோம் என்பதற்குச் சான்றாகும்.

கணக்கு ஏன் நமக்கே தேவை?

இதுவரை கூறியவை கடமைகள். கணக்கு தாக்கல் செய்வதால் நமக்கு என்ன பயன் என்பதற்கு எங்கள் வீட்டிலிருந்தே சான்று தருகிறேன்.

என் தாயார் பதினைந்து ஆண்டுகளாகத் தையல் தொழில் செய்கிறார். ஓவர்லாக் இயந்திரம் ஒன்றும் மின் இயந்திரம் ஒன்றும் வாங்க 2024இல் ஒரு வங்கியில் கடன் கேட்டார். மேலாளர் மரியாதையாகவே பேசினார். ‘உங்க வருமானத்துக்கு ஏதாவது கணக்கு இருக்காம்மா? ரெண்டு வருஷ வருமான வரிக் கணக்கு இருந்தாப் போதும்’ என்றார். அம்மாவிடம் இருந்தது முதுகுவலியும் வாடிக்கையாளர் பெயர் எழுதிய துண்டுச் சீட்டுகளும் மட்டுமே. பதினைந்து ஆண்டு உழைப்பும் தாளில் இல்லாததால் அந்த மேசைமீது இல்லாததாகவே போயிற்று. இறுதியில் வாரத் தண்டலில் பணம் வாங்கி ஓர் இயந்திரம் மட்டும் வாங்கினோம். ஞாயிறுதோறும் தண்டல்காரரின் வண்டிச் சத்தம் கேட்டால் அம்மா தையலை நிறுத்திவிட்டுப் பணத்தை எண்ணத் தொடங்குவார்.

அவ்வாண்டே நோட்டுப் போட்டேன். 2024–25இல் வரவு 3,60,000 ரூபாய். யு.பி.ஐ. வழி 2,10,000, ரொக்கம் 1,50,000. உத்தேச முறையில் காட்ட வேண்டிய குறைந்தபட்ச இலாபம் 12,600ம் 12,000மாக 24,600 ரூபாய். தெரிந்தவர் ஒருவர் இத்தொகையையே எழுதிவிடச் சொன்னார். ஆனால் நோட்டின்படி எல்லாச் செலவும் போக மிஞ்சியது 1,80,000. அதையே எழுதினோம். உண்மை அதுதான் என்பது முதற்காரணம். 1,80,000க்கும் வரி இல்லை, 24,600க்கும் வரி இல்லை என்பது இரண்டாவது. ஆண்டுக்கு 24,600 ரூபாய் ஈட்டுபவருக்கு எந்த வங்கி எதை நம்பிக் கடன் தரும் என்பது மூன்றாவது. வரிக்குப் பயந்து குறைத்து எழுதும் எண் பின்னர் நம் தகுதியையே குறைத்துவிடுகிறது. வரம்பிற்கு உட்பட்ட ஏழை உழைப்பாளிக்கு உண்மை எழுதுவதால் ஒரு காசும் நட்டமில்லை.

உத்யம் பதிவையும் கட்டணமின்றி இணையத்தில் செய்து கொண்டோம். இப்பதிவுடைய குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை செய்வோருக்கும், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட நாளுக்குள், அதுவும் 45 நாளுக்கு மிகாமல் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். ஒப்பந்தம் இல்லாவிடில் 15 நாள். 2023–24 முதல், இக்கெடுவிற்குள் தராத நிறுவனம், பணம் தரும் ஆண்டு வரை அச்செலவைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ள இயலாது. பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் நடையாய் நடக்கும் தையற்காரருக்கு இது கையில் உள்ள ஓர் ஆயுதம்.

இரண்டாம் ஆண்டுக் கணக்கிற்குரிய நோட்டும் இப்போது நிறைந்துவிட்டது. தாக்கல் முடிந்ததும் கடனுக்கு மீண்டும் விண்ணப்பிக்க இருக்கிறோம். கிடைக்குமா என்பது தெரியாது. ஆனால் இம்முறை மேலாளர் கேட்கும் கேள்விக்கு அம்மாவே விடை சொல்லுவார். நோட்டை இப்போது எழுதுவதும் அவர்தான்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துரைப்பின், தனி வங்கிக் கணக்கு, நாள்தோறும் எழுதும் நோட்டு, சீட்டுகளைக் காத்தல், பிடித்தத்தைச் சரிபார்த்தல், தவணை நாட்களை மறவாமை, உரிய படிவத்தில் உண்மைத் தொகையைக் காலத்தில் தாக்கல் செய்தல் ஆகிய ஆறும் பகுதிநேர உழைப்பாளிக்குரிய வரி ஒழுங்கு எனலாம். இவற்றில் எதுவும் பத்தாம் வகுப்புக் கணக்கை மிஞ்சியதன்று.

நம் வணிகவியல் துறைப் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் வாரம் ஒருநாள் மாலை, நம் துறை அறையில் ஒரு கணினியும் இரண்டு மூன்றாமாண்டு மாணவரும் அமர்ந்து, உழைக்கும் மாணவருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் கணக்கு தாக்கல் செய்ய உதவும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கலாம். கல்லூரி வாயிலில் பூக்கட்டும் அம்மாவும், எதிரே செருப்புத் தைக்கும் பெரியவரும் வந்து அமரலாம். பேரேட்டையும் இருப்புநிலைக் குறிப்பையும் மூன்றாண்டு படித்த நமக்கு அதைவிடச் சிறந்த செய்முறைத் தேர்வு கிடைக்கப் போவதில்லை. முதல் மாலைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.